நாற்பது மீட்டர் எங்கிருந்து வந்தது? சாய்தளத்தில் எறிபொருள் கணக்கு

கேள்வி இது: "30 டிகிரி சாய்ந்த மேட்டின் அடியில் நின்று, கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரி கோணத்தில், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை மேட்டை நோக்கி எறிகிறோம். அது மேட்டின் மேல் எவ்வளவு தூரத்தில் விழும்? நான் ஒருமுறை போட்டால் 34.6 மீட்டர் வருகிறது, மறுமுறை போட்டால் 40 வருகிறது. புத்தகத்தில் விடை 26.7 என்று இருக்கிறது. சரிவில் கீழ்நோக்கி எறியும் கணக்கு என்றால் எந்தக் குறியை எங்கே மாற்றுவது என்றே புரியவில்லை. சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?"

உண்டு. ஆனால் அதற்கு முன் உங்களுடைய இரண்டு தவறான விடைகளையும் பார்த்துவிடுவோம். சரியான விடையைவிட அவைதான் அதிகம் சொல்லித் தருகின்றன.

34.6 எப்படி வந்திருக்கும் என்று ஊகிப்பது எளிது. சமதளத்துக்கான நெடுக்கச் சூத்திரத்தை (பந்து கிடைமட்டமாக எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்பதுதான் நெடுக்கம்) எடுத்து 60 டிகிரியைப் போட்டிருக்கிறீர்கள்: 400 × சைன் 120 ÷ 10. மேடே இல்லாமல் தரை நேராகக் கிடந்திருந்தால் பந்து அங்கேதான் விழும். நடுவில் மேடு நிற்கிறது. பந்து அவ்வளவு தூரம் போவதற்குள் மேடு அதைப் பிடித்துக்கொள்கிறது. இது கவனக்குறைவு, அவ்வளவுதான்.

40 அப்படியல்ல. 40 வரவேண்டுமானால் நீங்கள் பாதிக் கிணற்றைச் சரியாகவே தாண்டியிருக்க வேண்டும். பறக்கும் நேரம் 2.31 நொடி என்று சரியாகக் கண்டுபிடித்து, சாய்தளத்தின் வழியே உள்ள வேகக்கூறு (அந்தத் திசையில் வேகத்தின் பங்கு) 17.32 என்பதையும் சரியாக எடுத்து, இரண்டையும் பெருக்கியிருக்கிறீர்கள். சமதளக் கணக்கில் அந்தப் பெருக்கல் செல்லும், ஏனென்றால் அங்கே கிடைமட்டத் திசையில் முடுக்கம் இல்லை. சாய்தளத்தின் வழியே முடுக்கம் இருக்கிறது. ஈர்ப்பு விசை சரிவில் உங்கள் பந்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த இழுப்பில் போன 13.3 மீட்டரைக் கழித்தால் 26.7. மாணவர்கள் செய்யும் தவறுகளில் எனக்குப் பிடித்த தவறு இதுதான். பழைய பழக்கம் எங்கே செல்லாமல் போகிறது என்பதைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கிறது. இந்த 40 என்ற எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு, பிறகு வருகிறேன்.

கணக்குக்குள் போகும் முன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் 'செங்குத்து' என்ற ஒரே சொல்லை, நேர் மேல்கீழ்த் திசைக்கும் சொல்கிறோம், ஒரு கோட்டுக்கு 90 டிகிரியில் நிற்பதற்கும் சொல்கிறோம். சமதளத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் யாருக்கும் உறைப்பதில்லை. தளத்தைச் சாய்த்தவுடன் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இந்த இடத்தில் தெளிவு: தூக்குக்குண்டு தொங்கும் திசை 'நிலைக்குத்து', 90 டிகிரியில் நிற்பது 'செங்குத்து'. இங்கே நானும் அப்படியே எழுதுகிறேன். 'செங்குத்து' என்றால் சாய்தளத்தின் பரப்புக்கு 90 டிகிரி என்று மட்டும் பொருள்.

குறியீடுகளுக்கும் தமிழ் எழுத்துகளையே வைத்துக்கொள்வோம். வே என்பது எறியும் வேகம். ஈ என்பது ஈர்ப்பு முடுக்கம், அதன் மதிப்பு 10 என்று கொள்வோம். சா என்பது தளம் கிடைமட்டத்தோடு ஆக்கும் சாய்கோணம். எ என்பது கிடைமட்டத்திலிருந்து அளந்த எறிகோணம். எறிகோணத்திலிருந்து சாய்கோணத்தைக் கழித்தால் மிஞ்சுவது மி, அதாவது சாய்தளத்திலிருந்து அளந்த கோணம். நே என்பது பறக்கும் நேரம். உங்கள் கணக்கில் சா 30, எ 60, மி 30.

இந்த மி, எ இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் இந்தப் பாடத்தில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். வினாவில் 'சாய்தளத்தோடு 60 டிகிரி' என்று இருந்தால் அது மி. 'கிடைமட்டத்தோடு 60 டிகிரி' என்று இருந்தால் அது எ. ஒரு சொல்தான் வித்தியாசம். உங்கள் கணக்கிலேயே 60 டிகிரியைச் சாய்தளத்திலிருந்து அளந்ததாகப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். பறக்கும் நேரம் 4 நொடி வரும். சாய்தளத்தின் வழியே 10 × 4, அதாவது 40 மீட்டர். அதிலிருந்து ஈர்ப்பு இழுத்த 40 மீட்டரைக் கழித்தால் பூஜ்யம். தவறு செய்துவிட்டோமோ என்று பதறத் தேவையில்லை. 30 டிகிரி மேட்டிலிருந்து மேலும் 60 டிகிரி என்றால் மொத்தம் 90. பந்தை நேர் மேலே எறிந்திருக்கிறீர்கள். அது போன வழியே திரும்பி உங்கள் கையில்தான் விழும்.

இனி முறை. தாளில் சாய்தளத்தை வரைந்து, பிறகு தாளையே திருப்பி, தளம் உங்களுக்குக் கிடையாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே திருப்புங்கள், மனத்துக்குள் திருப்புவதாகச் சொல்லித் தப்பிக்க வேண்டாம். இப்போது தளம் சமதளமாகிவிட்டது, ஆனால் ஈர்ப்பு சாய்ந்துவிட்டது. அது நேர் கீழே இழுக்காமல் கொஞ்சம் பின்பக்கமாகவும் இழுக்கிறது. தளத்துக்குச் செங்குத்தாக அதன் கூறு ஈ கொசைன் சா. தளத்தின் வழியே பின்னோக்கி அதன் கூறு ஈ சைன் சா. பந்தின் வேகத்துக்கும் இரண்டு கூறுகள்: செங்குத்தாக வே சைன் மி, தளத்தின் வழியே வே கொசைன் மி.

முதலில் செங்குத்துத் திசையை மட்டும் பாருங்கள். பந்து தளத்தை விட்டுக் கிளம்புகிறது, மறுபடி தளத்தைத் தொடுகிறது. இடையில் தளத்திலிருந்து அதன் உயரம் பூஜ்யத்தில் தொடங்கிப் பூஜ்யத்தில் முடிகிறது. ஆகவே நேரம் முழுக்க முழுக்க இந்தத் திசையிலிருந்தே கிடைத்துவிடும்:

நே = 2 வே சைன் மி ÷ (ஈ கொசைன் சா)

உங்கள் எண்களைப் போட்டால் 2 × 20 × 0.5 ÷ 8.66 = 2.31 நொடி. சமதளச் சூத்திரத்தின் அதே முகம்தான். ஈர்ப்பு மட்டும் கொஞ்சம் மெலிந்திருக்கிறது.

அடுத்து தளத்தின் வழியே. வேகம் 17.32, எதிர்த்திசை முடுக்கம் 10 × சைன் 30 = 5. தூரம் = 17.32 × 2.31 − ½ × 5 × 2.31² = 40 − 13.33 = 26.67 மீட்டர். கணக்கு முடிந்தது.

நம்பிக்கை வராவிட்டால் சாயாத அச்சுகளில் ஒரு சரிபார்ப்பு. கிடைமட்ட வேகம் 10, 2.31 நொடியில் 23.09 மீட்டர். நிலைக்குத்தாக 17.32 × 2.31 − 5 × 5.33 = 13.33 மீட்டர். பந்து நிற்கும் புள்ளி மேட்டின் மேல்தான் இருக்கிறதா? 13.33 ÷ 23.09 = 0.577, அது டேன் 30. இருக்கிறது. தேர்வில் நேரம் இருந்தால் இந்தச் சரிபார்ப்பைக் கட்டாயம் செய்யுங்கள்; அரை நிமிடம்கூட ஆகாது.

இந்த முறையைத்தான் எல்லா வகுப்புகளிலும் சொல்லித் தருகிறார்கள். நல்ல முறைதான். ஆனால் எனக்கு இதைவிட அழகாகத் தெரியும் இன்னொரு வழி இருக்கிறது. அதில் அச்சுகளே கிடையாது, கூறுகளாகப் பிரிப்பதும் கிடையாது.

ஈர்ப்பே இல்லாத உலகத்தில் உங்கள் பந்து என்ன செய்யும்? எறிந்த திசையில் நேர்க்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும்; நே நொடியில் வே × நே தூரம் போயிருக்கும். ஈர்ப்பு உள்ள உலகத்தில், அதே நே நொடியில் அந்தப் புள்ளியிலிருந்து நிலைக்குத்தாக ½ ஈ நே² கீழே இறங்கியிருக்கும். அவ்வளவுதான் எறிபொருள் இயக்கம். நேர்க்கோட்டில் போவதும் அதிலிருந்து விழுவதும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை என்பதை முதலில் தெளிவாக எழுதி, பாதை பரவளையம் என்று நிறுவியவர் கலிலேயோ. அவருடைய அந்த நூல் 1638இல் வெளிவந்தது.

இப்போது வரையுங்கள். எறியும் இடத்திலிருந்து எறிந்த திசையில் ஒரு கோடு. அதன் முனையிலிருந்து நேர் கீழே ஒரு கோடு, மேட்டைத் தொடும் வரை. தொட்ட இடத்திலிருந்து மேட்டின் வழியே எறிந்த இடத்துக்கு ஒரு கோடு. ஒரு முக்கோணம். எறிந்த இடத்தில் உள்ள கோணம் மி. மேல் முனையில் 90 − எ. பந்து விழுந்த இடத்தில் 90 + சா. மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 180 வரும். பள்ளியில் படித்த சைன் விதி, ஒவ்வொரு பக்கத்தையும் அதற்கு எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் ஒரே ஈவு வரும் என்கிறது:

½ ஈ நே² ÷ சைன் மி = வே நே ÷ கொசைன் சா = தூரம் ÷ கொசைன் எ

முதல் இரண்டையும் சமன்படுத்தினால் மேலே கண்ட அதே நேரம். கடைசி இரண்டையும் சமன்படுத்தினால்:

தூரம் = 2 வே² சைன் மி கொசைன் எ ÷ (ஈ கொசைன்² சா)

ஒரு முக்கோணம் வரையத் தெரிந்தால் போதும், சூத்திரம் தானாக வந்து நிற்கும். நான் இதை மனப்பாடம் செய்ததில்லை; தேவைப்படும்போது முக்கோணத்தை வரைந்துகொள்கிறேன். அதில் மி-யும் எ-யும் இரண்டும் வருவதைக் கவனியுங்கள். நேரத்துக்குத் தளத்திலிருந்து அளந்த கோணம் வேண்டும், கிடைமட்டத் தூரத்துக்குத் தரையிலிருந்து அளந்த கோணம் வேண்டும். மனப்பாடம் செய்பவர்கள் மாற்றிப் போடுவது இங்கேதான்.

மேட்டின் மேல் அதிகத் தூரம் போக வேண்டுமானால் எந்தக் கோணத்தில் எறிவது? சமதளத்தில் 45 என்று எல்லோருக்கும் தெரியும். மேட்டில் 45 போதாது, பந்து சீக்கிரமே மேட்டில் முட்டிக்கொள்ளும். சூத்திரத்தில் 2 சைன் மி கொசைன் எ என்ற பெருக்கலைக் கூட்டலாக மாற்றினால் சைன்(2எ − சா) − சைன் சா என்று வரும். நாம் மாற்றக்கூடியது எ ஒன்றுதான்; முதல் சைன் அதன் உச்சமான 1-ஐத் தொட 2எ − சா = 90 ஆக வேண்டும். ஆக எ = 45 + சா ÷ 2. படத்தில் பார்த்தால் இன்னும் எளிது: மேட்டின் கோட்டுக்கும் நிலைக்குத்துக் கோட்டுக்கும் நடுவே உள்ள கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் திசை. சமதளத்தில் அந்த இருசமவெட்டிதான் 45 டிகிரி. 30 டிகிரி மேட்டில் 60. உங்கள் கேள்வியில் இருந்த கோணமே மிகச் சிறந்த கோணம்தான். வினா எழுதியவர் தெரிந்தே வைத்திருப்பார்.

எட்மண்ட் ஹாலியை வால்நட்சத்திரத்தோடு சேர்த்துத்தான் நமக்குத் தெரியும். அவர் 1695இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் பீரங்கிக்காரர்களுக்காக எழுதிய ஒரு கட்டுரையில் இந்த விதி இருக்கிறது: இலக்கு மேட்டில் இருந்தாலும் பள்ளத்தில் இருந்தாலும், இலக்கின் திசைக்கும் நிலைக்குத்துக்கும் இடையிலான கோணத்தை இரண்டாகப் பிரிக்கும்படி குழாயை நிறுத்தினால், குறைந்த வெடிமருந்தில் குண்டு அங்கே போய்ச் சேரும். கோணமானி இல்லாமலேயே இதைச் செய்யலாம் என்பது கூடுதல் சுவை. குழாயின் வாயில் ஒரு தட்டையான முகக்கண்ணாடியைப் பொருத்துங்கள். நேர் மேலிருந்து அதற்குள் குனிந்து பாருங்கள். இலக்கு கண்ணாடியில் தெரிகிறது என்றால், படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்ற விதிப்படி குழாய் சரியாக இருசமவெட்டியில் நிற்கிறது. கோணம் எத்தனை டிகிரி என்று யாரும் அளக்கவேயில்லை.

அந்தச் சிறந்த கோணத்தில் கிடைக்கும் தூரம் எளிமையாகச் சுருங்கிவிடும்:

பெருமத் தூரம் = (வே² ÷ ஈ) ÷ (1 + சைன் சா)

நொடிக்கு 20 மீட்டருக்கு வே² ÷ ஈ = 40. நேர் மேலே எறிந்தால் 40 ÷ 2 = 20 மீட்டர். 30 டிகிரி மேட்டில் 40 ÷ 1.5 = 26.67. சமதளத்தில் 40. கீழ்நோக்கிய 30 டிகிரிச் சரிவில் சைன் எதிர்க்குறி ஆவதால் 40 ÷ 0.5 = 80. மேட்டுக்கும் சரிவுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம்! இந்தப் புள்ளிகளையெல்லாம் ஒரு தாளில் குறித்து இணைத்தால் எறியும் இடத்தையே குவியமாகக் கொண்ட ஒரு பெரிய பரவளையம் கிடைக்கும். அதற்கு வெளியே நிற்பவர் மேல் இந்தப் பந்து எந்தக் கோணத்தில் எறிந்தாலும் படாது. 1644இல் டோரிசெல்லி இதைக் காட்டினார். பாதுகாப்புப் பரவளையம் என்பது அதன் பெயர்.

உங்கள் 40-க்கு இப்போது வருகிறேன். நீங்கள் தவறாகப் பெருக்கிய வே கொசைன் மி × நே என்பது, வே² சைன் 2மி ÷ (ஈ கொசைன் சா). சிறந்த கோணத்தில் 2மி = 90 − சா; ஆகவே சைன் 2மி-யும் கொசைன் சா-வும் அடிபட்டு, வே² ÷ ஈ மட்டும் மிஞ்சும். உங்கள் 40, இதே பந்தைச் சமதளத்தில் எறிந்தால் கிடைக்கும் பெரும நெடுக்கம். மேடு எத்தனை டிகிரியாக இருந்தாலும், சிறந்த கோணத்தில் எறிந்துவிட்டு இந்தத் தவறைச் செய்தால் இதே 40தான் வரும்.

சிறந்த கோணத்துக்கு இன்னொரு அடையாளம் உண்டு: எறியும் திசையும் விழும் திசையும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருக்கும். உங்கள் பந்து விழும்போது கிடைமட்ட வேகம் 10, கீழ்நோக்கிய வேகம் 23.09 − 17.32 = 5.77. அதாவது கிடைமட்டத்துக்கு 30 டிகிரி கீழே. ஏறியது 60, இறங்கியது 30. பெரும நெடுக்கம் கேட்டு, விழும் திசையையும் கேட்கும் வினாக்களில் இது பாதி வேலையைக் குறைத்துவிடும்.

சிறந்த கோணத்துக்கு இருபுறமும் சம இடைவெளியில் உள்ள இரண்டு கோணங்கள் ஒரே தூரத்தைத் தரும். 30 டிகிரி மேட்டில் 45-ம் 75-ம் இரண்டுமே 19.5 மீட்டர். சமதளத்தில் 30-ம் 60-ம் சேர்ந்து 90 ஆவது போல, இங்கே இரண்டும் சேர்ந்து 90 + சா ஆகும்.

'உச்சி' என்ற சொல்லில் ஒரு கண்ணி இருக்கிறது. பந்து தரையிலிருந்து மிக உயரத்தில் இருக்கும் கணம் வேறு, மேட்டின் பரப்பிலிருந்து மிக விலகி இருக்கும் கணம் வேறு. முதலாவது நிலைக்குத்து வேகம் பூஜ்யமாகும்போது: 1.73 நொடி, உயரம் 15 மீட்டர். இரண்டாவது செங்குத்து வேகக்கூறு பூஜ்யமாகும்போது: பறக்கும் நேரத்தில் சரிபாதி, 1.15 நொடி, விலகல் 10² ÷ (2 × 8.66) = 5.77 மீட்டர். நேரத்தில் பாதி என்பதால் மேட்டின் வழியே தூரத்திலும் பாதியாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தக் கணத்தில் பந்து மேட்டின் வழியே 16.67 மீட்டர் கடந்திருக்கும், மொத்தம் 26.67 தான். பின்னிழுப்பு இருப்பதால் முதல் பாதியில் அதிகம், மறுபாதியில் குறைவு.

பந்து மேட்டில் செங்குத்தாக மோத வேண்டும் என்றும் கேட்பார்கள். அதற்கு மோதும் கணத்தில் தளத்தின் வழியே உள்ள வேகம் பூஜ்யமாக வேண்டும்: வே கொசைன் மி = ஈ சைன் சா × நே. நேரத்தை உள்ளே போட்டால் டேன் மி = 1 ÷ (2 டேன் சா). 30 டிகிரி மேட்டுக்கு மி = 40.9, அதாவது கிடைமட்டத்திலிருந்து 70.9. 3.02 நொடியில் 22.86 மீட்டர் தள்ளிப் போய் மோதும். முழு மீள்தன்மையுள்ள பந்து (மோதலில் வேகத்தை இழக்காத பந்து) என்றால் வந்த பாதையிலேயே திரும்பி எறிந்த இடத்துக்கு வரும். கிடைமட்டமாக வந்து மோத வேண்டும் என்றால் டேன் எ = 2 டேன் சா. இதற்கு முக்கோண முறையோ சாய்ந்த அச்சுகளோ வேண்டாம், உச்சியின் உயரத்தைக் கிடைமட்டத் தூரத்தால் வகுத்தாலே போதும்.

கீழ்நோக்கிய சரிவுக்கு வருவோம். குறி மாற்றுவதில் உங்களுக்குக் குழப்பம் இருப்பதால், குறியே மாற்றாதீர்கள் என்பது என் யோசனை. தாளை இந்தப் பக்கம் திருப்பிய நீங்கள் அந்தப் பக்கம் திருப்புங்கள். செங்குத்துக் கூறு ஈ கொசைன் சா அப்படியே இருக்கிறது. தளத்தின் வழியே ஈ சைன் சா இப்போது பின்னே இழுக்காமல் முன்னே தள்ளுகிறது. ஆகவே கழிக்காமல் கூட்ட வேண்டும். தளத்திலிருந்து அளந்த கோணம் இப்போது எ + சா. வேறெதுவும் மாறவில்லை. கிடைமட்டமாக எறிந்தால் மி = சா; நேரம் 2 வே டேன் சா ÷ ஈ.

பனிச்சறுக்குத் தாண்டல் வீரர்களின் கணக்கு இதுதான். பெரிய ஏவுதளங்களை விட்டு அவர்கள் மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில், அதாவது நொடிக்கு 25 மீட்டரில் கிளம்புகிறார்கள். இறங்கும் சரிவு 35 டிகிரி அளவில் இருக்கும். கிடைமட்டமாகக் கிளம்புவதாகவும் காற்றே இல்லாததாகவும் வைத்து, ஈர்ப்பை 9.8 எனக் கொண்டால், 3.57 நொடியும் சரிவின் வழியே 109 மீட்டரும் வருகின்றன. உண்மையில் ஏவுதளத்தின் முனை கொஞ்சம் கீழ்நோக்கியே இருக்கிறது, வீரர் கால்களை உந்தி எழும்புகிறார், உடலையும் பலகைகளையும் இறக்கைபோல விரித்துக் காற்றின் தூக்குவிசையைப் பிடித்துக்கொள்கிறார். சரிவும் ஒரே சாய்வில் இருப்பதில்லை. ஆகவே 109 என்பது தோராயம்தான்.

எனக்கு அந்தத் தூரத்தைவிட வேறொரு எண் முக்கியமாகத் தெரிகிறது. இந்தக் கணக்கின்படி அவர் கிட்டத்தட்ட 62 மீட்டர் உயரம் இறங்கியிருக்கிறார். கீழ்நோக்கிய வேகம் நொடிக்கு 35 மீட்டர். சமதரையில் அந்த வேகத்தில் விழுந்தால் பிழைக்க முடியாது. சரிவில் விழும்போது உடலைத் தாக்குவது தளத்துக்குச் செங்குத்தான கூறு மட்டும்தான். செங்குத்துத் திசையில் முடுக்கம் மாறாதது என்பதால், புறப்பட்ட செங்குத்து வேகம் எதுவோ அதே வேகம்தான் திரும்ப வரும்: 25 × சைன் 35 = 14.3. ஏறக்குறைய பத்தரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதுவும் அதிகம்தான்; மீதியைக் காற்றின் தூக்குவிசையும் சரிவின் வளைவும் குறைக்கின்றன. மிச்ச வேகமெல்லாம் சரிவின் வழியே சறுக்கிக் கரைந்துவிடுகிறது.

வீட்டு மாடிப்படியும் ஒரு சாய்தளம்தான், கண்ணுக்குத் தெரியாத சாய்தளம். ஒவ்வொரு படியும் 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம், மேல் தளத்தின் விளிம்பிலிருந்து ஒரு பந்து நொடிக்கு 1.8 மீட்டர் வேகத்தில் கிடைமட்டமாக உருண்டு வெளியேறுகிறது; எந்தப் படியில் முதலில் விழும்? ஒவ்வொரு படியாகச் சோதித்துப் பார்த்து நேரத்தை வீணாக்குகிறார்கள். படிகளின் விளிம்புகளையெல்லாம் ஒரு கோட்டால் இணையுங்கள். டேன் சா = 20 ÷ 30. பந்து அந்தக் கோட்டைக் கடக்கும் நேரம் 2 × 1.8 × 0.667 ÷ 10 = 0.24 நொடி, அதற்குள் கிடைமட்டமாக 43 செ.மீ. போயிருக்கும். முதல் படியின் விளிம்பு 30 செ.மீ.இல், இரண்டாவது படியின் விளிம்பு 60 செ.மீ.இல். முதல் விளிம்பைத் தாண்டிவிட்டது, இரண்டாவதைத் தாண்டவில்லை. ஆகவே இரண்டாவது படி. கோட்டைக் கடந்த இடம் படியைத் தொட்ட இடம் அல்ல என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பந்து படியைத் தொடும்போது 40 செ.மீ. இறங்கி, 51 செ.மீ. தள்ளி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. 'சாய்தளத்தின் மேல்' என்று வினாவில் வந்தால் பந்து தளத்துக்கு மேலே பறக்கிறதா, தளத்தின் பரப்பிலேயே குறுக்காக ஓடுகிறதா என்று பாருங்கள். சாய்த்து வைத்த பலகையில் ஒரு பொருளைக் குறுக்காகத் தள்ளிவிட்டால் அதுவும் பரவளையம்தான் போடும். ஆனால் அங்கே ஈர்ப்பு என்பது ஈ சைன் சா மட்டுமே, கொசைன் கூறைப் பலகை தாங்கிக்கொள்கிறது. உராய்வில்லாமல் வழுக்கினால்தான் அதுவும். திண்மக் கோளம் வழுக்காமல் உருண்டால் அதில் ஏழில் ஐந்து பங்கு. வினாத்தாளில் இரண்டு வகைகளும் ஒரே மாதிரி ஆடை உடுத்திக்கொண்டு வரும்.

கடைசியாக, ஜேஇஇ போன்ற தேர்வுகளுக்குப் படிக்கிறவர் என்றால் இதைச் செய்து பாருங்கள். 30 டிகிரிச் சரிவின் மேல் ஒரு பந்தை 1 மீட்டர் உயரத்திலிருந்து சும்மா விடுகிறோம். முழு மீள்தன்மை. துள்ளித் துள்ளிக் கீழே போகிறது. அடுத்தடுத்த துள்ளல்களுக்கு இடையே சரிவின் வழியே எவ்வளவு தூரம்?

மோதும் வேகம் வே என்றால் துள்ளிய பின் செங்குத்துக் கூறு வே கொசைன் சா, தளத்தின் வழியே வே சைன் சா. நேரம் 2 வே கொசைன் சா ÷ (ஈ கொசைன் சா) = 2 வே ÷ ஈ. சாய்கோணம் அடிபட்டுப் போய்விட்டது. எந்தச் சரிவானாலும் துள்ளலுக்குத் துள்ளல் அதே நேரம். செங்குத்து வேகம் ஒவ்வொரு முறையும் மாறாமல் திரும்புவதால் இரண்டாவது, மூன்றாவது துள்ளலுக்கும் அதே நேரம்தான். தளத்தின் வழியே மட்டும் வேகம் கூடிக்கொண்டே போகிறது: துள்ளலுக்கு 2 வே சைன் சா வீதம். முதல் தூரம் 4 வே² சைன் சா ÷ ஈ. வே² = 2 × ஈ × உயரம் என்பதால் அது 8 × உயரம் × சைன் சா, நம் பந்துக்கு 4 மீட்டர். அடுத்தது 8, அதற்கடுத்தது 12. சாயாத அச்சுகளில் போட்டால் இதே விடைக்கு ஒவ்வொரு துள்ளலுக்கும் ஓர் இருபடிச் சமன்பாடு தீர்க்க வேண்டியிருக்கும். ஒருமுறை அப்படியும் போட்டுப் பார்த்துவிட்டு, எத்தனை பக்கம் ஆயிற்று என்று எழுதுங்கள்.